டர்போ பெட்டியிலேயே இருக்கட்டும், முதலில் ரிங் செட் ஆகட்டும்

இன்ஜினைப் பிரித்துப் புது ரிங் போட்டுக் கட்டும் வேலை முடிந்து வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். “டர்போ, மேனிஃபோல்ட், இன்டர்கூலர் எல்லாம் கையில வச்சிருக்கே. இன்ஜினும் வெளியிலதானே இருந்துச்சு. சேர்த்தே மாட்டி இறக்கியிருக்கலாமேடா?” டர்போ என்பது சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, மற்ற இரண்டும் அதன் துணைப் பாகங்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

புதிதாக ஹோனிங் செய்த (கல்லால் உரசிக் கோடு போட்ட) போரில், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்சுவரில், விரல் நகத்தை வைத்து இழுத்தால் லேசாகச் சொரசொரக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் நிற்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றி மாட்டிய ரிங் உரசி மேடுகள் தேய வேண்டும். அப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்துவதைத்தான் ரிங் செட் ஆவது என்கிறோம். ரிங் தன் ஸ்பிரிங் பலத்தால் மட்டும் சுவரை அழுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த பலம் கொஞ்சம்தான். பெட்ரோல் வெடிக்கும்போது வரும் அழுத்தம் ரிங்குக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக அதன் முதுகுப் பக்கம் போய், அதை வெளியே தள்ளுகிறது. லோடு இருந்தால்தான் அந்த அழுத்தம். ஐட்லிங்கில் மணிக்கணக்காக விட்டாலோ, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினாலோ ரிங் செட் ஆகாது. சுவரில் ஆயில் காய்ந்து படிந்து போர் கண்ணாடியாகிவிடும். அதன் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் வண்டி ஆயில் குடித்துக்கொண்டேதான் இருக்கும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மறுபடி ஹோனிங் போட வேண்டியதுதான்.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும். அழுத்தம்தான் வேண்டும் என்றால், டர்போ இன்னும் கூடுதலாக அழுத்தம் தருமே, அது நல்லதுதானே? கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் ரிங் செட் ஆகத் தேவையான அழுத்தம், டர்போ இல்லாத இன்ஜினில் முக்கால் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசி மிதிப்பது) கொடுத்தாலே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், தருவது சூட்டையும் சிக்கலையும்தான். இன்னும் பொருந்தாத ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே ஏறும். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தால் எரிபொருளின் ஆக்டேன் (நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) குறைந்ததற்குச் சமம். பூஸ்டில் ஓடும்போது அப்படி நடந்தால் நாக்கிங் (கட்டுப்பாடில்லாத வெடிப்பு) வரும், பிஸ்டனில் ரிங்கைத் தாங்கும் விளிம்பான ரிங் லேண்ட் உடையும். மேலே ஆயில் ஏறுவதுபோலவே கீழே வெடிப்புக் காற்றும் இறங்கும். மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான்.

பேக் கம்ப்ரஷனுக்கும் டர்போவுக்கும் உள்ள உறவைப் பலர் யோசிப்பதே இல்லை. டர்போவுக்குப் போகும் ஆயில் பம்ப்பின் அழுத்தத்தில் போகிறது. திரும்பி வருவதோ வெறும் இறக்கத்தில், தானாக வடிந்து, இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு. கிராங்க் கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள இன்ஜின் அறை) காற்று உப்பிக்கொண்டு நின்றால் அந்த ஆயில் வடிய இடமில்லாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கும், சீலைத் தாண்டிக் கசியும், சைலன்சரில் நீலப் புகை வரும். பார்க்கிறவர் “டர்போ போச்சு” என்பார். இன்னொருவர் “ரிங் போச்சு” என்பார். வால்வ் சீல் என்று மூன்றாவது ஆள் சொல்வார். எல்லாமே புதுசு, எல்லாமே ஒரே நாளில் மாட்டியது. சிக்கு விழுந்த நூலில் எந்த முனையைப் பிடித்து இழுப்பது?

அதோடு, முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலில் வரும் இரும்புத் தூள். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் பேரிங்கைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அந்த ஆயிலில் ஹோனிங் தூளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் இன்ஜினைக் கட்டும்போதே டர்போவை மனதில் வைத்துத்தான் கட்டினேன். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய வலுவான) பிஸ்டன், கம்ப்ரஷன் விகிதம் 8.8-க்கு 1. ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி மிக முக்கியம். 81 மில்லிமீட்டர் போருக்குச் சாதாரண இன்ஜினில் 0.32 மில்லிமீட்டர் போதும். டர்போவின் சூட்டில் ரிங் இன்னும் நீளும் என்பதால் 0.45 வைத்தேன். ஒவ்வொரு ரிங்கையும் அதே சிலிண்டரில் இறக்கி, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்த்து, கொஞ்சம் அராவி, மறுபடி பார்த்து... பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இடைவெளி பத்தாமல் முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டன் மிஞ்சாது. டர்போ ஆயில் திரும்பி வரும் பைப்புக்கான இணைப்பையும் சம்பில் அப்போதே வெல்டிங் வைத்து, அடைப்பான் போட்டு மூடிவிட்டேன். ஓடின இன்ஜினின் சம்பில் துளை போட்டுச் சீவல் உள்ளே விழுமோ என்று பயப்பட வேண்டாம்.

டர்போவுக்காக வாங்கிய பெரிய இன்ஜெக்டர்களை (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) மட்டும் மாட்டவில்லை. டியூன் சரியில்லாமல் பெட்ரோல் அதிகமாகக் கொட்டினால் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். புது ரிங்குக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றி, ஃபியூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, ஆயில் பிரஷர் முள் எழும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்தேன். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கும் 2000 சுற்றுக்கும் நடுவே ஏற்றி இறக்கி, கசிவு பார்த்து, சூடேறியதும் நேராக ரோட்டுக்கு. (பழைய புஷ்ராடு இன்ஜினில் ஃபிளாட் டாப்பெட் கேம் (வால்வுகளைத் திறக்கும் பழைய வகைத் தண்டு) இருந்தால் இது செல்லாது. அதற்கு 2000 முதல் 2500 வரை 20 நிமிடமாவது வைத்து முதலில் கேமைப் பழக்க வேண்டும், ஆயிலில் துத்தநாகச் சேர்க்கையும் வேண்டும்.) ஊற்றியது சாதாரண மினரல் ஆயில். சிந்தெடிக் பிறகு.

பின்னால் வண்டி வராத ரோடாகப் பார்த்து, மூன்றாவது கியரில் 2000-லிருந்து 4000 வரை பாதி த்ராட்டிலில் இழுப்பு. உடனே காலை முழுசாக எடுத்து, கியரிலேயே 2000 வரை இறங்க விடுதல். அடுத்த இழுப்புக்கு முக்கால் த்ராட்டில். காலை எடுக்கும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்து ரிங்கைக் குளிர்வித்து, தூளையும் கழுவிக்கொண்டு போகும். அதனால் இழுப்பைப் போலவே இறக்கமும் முக்கியம். ஒரே வேகத்தில் நீண்ட பயணம், டாப் கியரில் திணறவிடுவது இரண்டும் கூடாது.

முதல் ஓட்டம் முடிந்த சூட்டோடு ஆயிலை இறக்கிவிட்டேன். ஃபில்டரின் தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை அறுத்து விரித்து, ஆயிலைப் பிழிந்து வெயிலில் காட்டினேன். மடிப்புக்கு மடிப்பு சாம்பல் நிற மினுமினுப்பு. காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்தினால் அந்த மினுமினுப்பும் கூடவே நகர்ந்தது. அப்படியென்றால் இரும்பு, ரிங்கிலிருந்தும் போரிலிருந்தும் வந்தது, எதிர்பார்த்ததுதான். செம்பு நிறத்தில் ஏதாவது, அல்லது விரலில் தட்டுப்படும் அளவுக்குச் செதில் தெரிந்திருந்தால் பேரிங் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி சம்பை இறக்கியிருப்பேன். 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றியபோது தாளில் தேடித்தான் மினுமினுப்பைக் காண வேண்டியிருந்தது.

ஹெட்டுக்குப் பின்பக்கம் ஒரு தண்ணீர் ஹோஸ் இணைப்பில் சூடானால் மட்டும் ஈரம் கசிவதும் இந்த ஓட்டத்தில்தான் தெரிந்தது. டர்போ இருந்திருந்தால் அந்த இடம் ஹீட் ஷீல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கிளிப்பை மாற்றினேன், கை நேராகப் போனது.

வண்டி மந்தமாகத்தான் இருந்தது. கம்ப்ரஷன் குறைத்த இன்ஜின், டர்போவும் இல்லை, வேறெப்படி இருக்கும்? ஆனால் போகப் போக ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் வரும் புகை குறைந்து நின்றது, டிப்ஸ்டிக்கில் அளவு இறங்குவதும் நின்றது.

1500 கிலோமீட்டர் தாண்டியதும் சூடான இன்ஜினில் லீக்-டவுன் பார்த்தேன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு, எந்த வழியாகக் கசிகிறது என்ற சோதனை. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின் என்பது என் கணக்கு. நான்கு சிலிண்டரும் அதற்குள்ளேயே, ஒன்றுக்கொன்று நெருக்கமாக நின்றன. சைலன்சரில் காது வைத்தேன், சத்தமில்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஆயில் மூடியில் மட்டும் மெல்லிய இரைச்சல். ரிங் இடைவெளியைக் கூட்டி வைத்த இன்ஜினில் அது இருக்கும்.

இனி டர்போ. மாட்டியதும் பெட்ரோலை நிறுத்திவிட்டு, திரும்பும் பைப்பிலிருந்து ஆயில் வடியும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பிறகுதான் ஸ்டார்ட். இன்ஜெக்டர் அப்போது மாறும், புகையிலிருந்து காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் வரும். முதலில் வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) ஸ்பிரிங் தரும் அரை பார் பூஸ்ட் மட்டும். கலவை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 பங்கு காற்று என்பதை ஒட்டி நிற்கிறதா, நாக்கிங் இல்லையா என்று பதிவுகளைப் பார்த்த பிறகே அடுத்த படி. அந்த எண்களை அடுத்த பதிவில் போடுகிறேன்.