திருவான்மியூர் முதல் மயிலை வரை: ஒரே கரையை மாதாமாதம் நடந்து பார்த்தது

சென்னையில் இயற்கை பார்க்கப் போகிறேன் என்றால் எல்லோரும் கிண்டி தேசியப் பூங்காவையோ பள்ளிக்கரணையையோதான் சொல்வார்கள். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் கிண்டியில் காடு வேலிக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று எட்டிப் பார்ப்பதுதான் அதிகம். எனக்குக் கால் வைத்து நடக்க ஓர் இடம் வேண்டும். அதனால் ஊர் முழுக்க அலையாமல் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். திருவான்மியூர் கடற்கரை, பெசன்ட் நகர், ஊரூர் ஆல்காட் குப்பம், அடையாற்று முகத்துவாரம், அங்கிருந்து திரு.வி.க. பாலம் வழியாகச் சுற்றிப் பட்டினப்பாக்கம், சாந்தோம், மயிலாப்பூர். முழுவதையும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. பகுதி பகுதியாக, வெவ்வேறு மாதங்களில், போன இடத்துக்கே மறுபடியும் போவதுதான் திட்டம்.

கையில் ஒரு பழைய பைனாகுலர், சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, போனில் ஓத அட்டவணை. இந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் பலர் அட்டவணையைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் முகத்துவாரத்தில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம். நீர் இறங்கும் நேரத்தில் போனால் சேற்றுத்திட்டு வெளியே தெரியும், பறவைகள் இறங்கியிருக்கும். ஏறும் நேரத்தில் போனால் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம்.

மார்கழி, தை

இரண்டு மாதமும் முகத்துவாரத்துக்கே போய்விட்டது. உடைந்த பாலத்தின் பக்கம் விடிவதற்குள் போய் நின்றுவிட்டால் போதும். நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களோடு ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும். திட்டின் விளிம்பில் உப்புக்கொத்திகள் கொஞ்சம் ஓடும், சட்டென்று நிற்கும், குத்தும், மறுபடி ஓடும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுவிட்டுத் தலைகீழாக விழும். குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் ஆற்றுவாய் மணல்மேட்டில் கூட்டமாக இருக்கும். முதலில் ஒவ்வொன்றையும் எண்ணி எழுதினேன். பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு, எது எங்கே நிற்கிறது என்று மட்டும் வரைபடமாகக் கிறுக்கத் தொடங்கினேன். அதில் அதிகம் தெரிந்தது. கால் நீளமானவை தண்ணீருக்குள், குட்டையானவை ஈர மணலில், கடற்காகமும் ஆலா என்னும் கடற்பறவையும் உலர்ந்த மேட்டில். நீர் இறங்க இறங்க வரிசை மாறாமல் மொத்தக் கூட்டமும் நகர்கிறது.

பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமையைத் தேடி இரவிலும் போனேன். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் இரவு நடை போகிறார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம். கூடுகளைக் கண்டெடுத்து முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் அதிகம். நான் போன இரவில் ஆமை வரவில்லை, தடம் மட்டும் கிடைத்தது. துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றிய அடையாளம் அது. பச்சை ஆமையாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஊன்றியிருக்கும்.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பொரிந்த குஞ்சு வெளிச்சம் அதிகமுள்ள பக்கமாகத்தான் போகும். இயற்கையில் அது கடல். இங்கோ கரையோர விளக்குகள்தான் கடலைவிடப் பிரகாசம். பொரிப்பகம் இல்லாவிட்டால் அவ்வளவும் சாலைக்குத்தான் போகும்.

மாசி, பங்குனி

செடி பார்க்கும் மாதங்கள். காலை எட்டு மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிடும், அதனால் நடை சிறியது. திருவான்மியூர்ப் பக்கம் மணலைக் கூட்டி வாராத இடங்களில் இரண்டு செடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்: அடும்பு, இராவணன் மீசை. அடும்புக் கொடி ஊதாப் பூவோடு கடலைப் பார்த்துப் படர்கிறது. இராவணன் மீசை ஒரு முள்புல். தொடவே பயமாக இருக்கும். ஆண், பெண் தனித்தனிச் செடி. பெண் செடியின் காய்த்தலை முள்பந்து மாதிரி. முற்றியதும் கழன்று காற்றில் உருண்டு போகும். ஒன்றின் பின்னாலேயே நடந்தேன். ஒரு கட்டுமர ஓரம் வரை போய் வலையில் மாட்டி நின்றது. குப்பத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னா தம்பி, நண்டா புடிக்கிற?" என்று கேட்டார். புல் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு வலையைப் பிரிக்கப் போய்விட்டார்.

இந்த இரண்டும் இருக்கும் இடத்தில் மணல் சின்ன மேடாகச் சேர்ந்திருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்கின்றன. பெசன்ட் நகரில் கூட்டம் கூடும் பகுதியில் அவை இல்லை, மேடும் இல்லை. கடற்கரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கொடியையும் சேர்த்து வாரிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிளாஸ்டிக்கைப் பொறுக்கினால் போதாதா?

நண்டும் இந்த மாதங்களில்தான். இருட்டு விலகும் முன் டார்ச்சோடு போனால் காம்புக் கண்களை நிமிர்த்திக்கொண்டு வளையின் வாயில் நிற்கும்.

சித்திரைக்கு அப்புறம்

ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. மணல்மேடு தடித்து, ஒரு கட்டத்தில் ஆறு குட்டையாக நின்று நாறுகிறது. இயந்திரம் வைத்து வெட்டிவிடுகிறார்கள், மறுபடி மூடிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வரும்போதுதான் அது உண்மையாக உடைகிறது. பறவைகள் எங்கே நிற்கும் என்பதும் இந்த மணலைப் பொறுத்ததுதான். மார்கழியில் வரைந்த படத்துக்கும் வைகாசிப் படத்துக்கும் ஆற்றுவாய் ஒரே இடத்தில் இல்லை.

இதே மணல்தான் மெரினாவையும் அகலமாக்கியது. ஆண்டின் பெரும்பகுதி இங்கே அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் சுவர் குறுக்கே நின்றது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. பழைய கடற்கரை மெரினாவின் சாலைப் பக்கம் எங்கோ இருந்திருக்கிறது என்பதை நடக்கும்போது நினைத்துக்கொள்வேன். மற்றபடி மெரினாவில் நோட்டில் எழுத அதிகம் கிடைப்பதில்லை, காகமும் பட்டமும் தவிர.

நடையின் வடகோடி கபாலீசுவரர் கோயில் புன்னை. கடற்காற்றுக்கும் உப்புக்கும் அசையாத மரம். தோல் போலத் தடித்த இலை, நெருக்கமான இணை நரம்புகள். காய் கடலில் மிதந்து வேறு கரைக்குப் போய் முளைக்கும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலையைப் புன்னைக் கானல், அதாவது புன்னை நிறைந்த கடற்கரைச் சோலை என்று பாடியிருக்கிறார். அந்தக் கானலின் கதையைச் சொல்ல இப்போது கோயிலுக்குள் தலமரமாக ஒன்று நிற்கிறது. தெற்குக் கோடியில் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி. அது வறட்சி தாங்கும் மரம். இரண்டு கோயிலுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஒன்றில் கரையின் மரம், மற்றதில் வறள்நிலத்து மரம். இந்தக் கரையில் மழைக்காலம் போனால் மணல் எவ்வளவு காய்ந்துவிடும் என்பதைப் பங்குனியில் செருப்பில்லாமல் நடந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த துண்டு துறைமுகத்துக்கு வடக்கே, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை. அங்கே மணலைவிடக் கற்சுவர்தான் அதிகம். பாறையில் ஒட்டும் சிப்பி, கொட்டலசு, பாறை நண்டு என்று பட்டியலே வேறாக இருக்கும். திருவொற்றியூர்க் கோயிலில் மகிழமரமும் உண்டு. மழை ஓய்ந்ததும் தொடங்குவதாக இருக்கிறேன். வழுக்காத செருப்பு மட்டும் வாங்க வேண்டும்.