திருகோணமலையின் இரண்டு கோட்டைகள்

14 மார்ச், வெள்ளி

மத்தியானம் வந்து சேர்ந்தோம். வெயில் கொளுத்துகிறது. கோட்டைக்கு நாளை போகலாம் என்று அத்தான் சொல்லிவிட்டார். மாலையில் டச்சுக்குடாவில் கால் நனைத்ததோடு சரி.

15 மார்ச், சனி

விடியவே பிரெட்ரிக் கோட்டை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாசலை விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல். கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். இந்தக் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் செய்யுள் இதுதான். கண்ணை இடுக்கிப் பார்த்தும் ஒரு சில எழுத்துகளே பிடிபட்டன. 1620களில் கொன்ஸ்தந்தீனு டி சாவின் போர்த்துக்கேயப் படை கோயிலை இடித்தது. அந்தக் கற்களையே கோட்டைக்குப் போட்டது. சொன்னபடியே நடந்தது என்பதா, நடந்தபிறகு யாரோ எழுதிவைத்தார்கள் என்பதா, உங்கள் பாடு.

உள்ளே இப்போதும் இராணுவம் இருக்கிறது. புள்ளிமான்கள் கூச்சமே இல்லாமல் பைக்குள் மூக்கை விடுகின்றன. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லெஸ்லி 1800இன் கடைசியில் இங்கே தங்கியிருந்தாராம். அந்த வீடும் நிற்கிறது.

16 மார்ச், ஞாயிறு

துறைமுகத்தின் உண்மையான காவல் நேற்றுப் பார்த்த கோட்டை அல்ல. அந்தக் கோட்டை வெளிக்கடலைப் பார்த்த பாறைமேல் இருக்கிறது. உள்துறைமுகத்தின் வாய்க்கு மேலே இருப்பது ஒஸ்டன்பேர்க் கோட்டை. கடற்படை வளாகம் என்பதால் அத்தான் முன்கூட்டியே அனுமதி எடுத்திருந்தார். மேட்டிலிருந்து பார்த்தால் வாய் எவ்வளவு ஒடுக்கம் என்று தெரிகிறது. இங்கிருந்து சுட்டால் எந்தக் கப்பலும் தப்பாது.

ஆனால் கப்பல் அந்த வழியால் வந்தால்தானே! 1782 ஜனவரியில், இரண்டு கோட்டையும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில் இருந்தபோது, ஆங்கிலேயர் கரையில் படையை இறக்கி, முதலில் நேற்றுப் பார்த்த கீழ்க்கோட்டையைப் பிடித்து, அப்புறம் ஒஸ்டன்பேர்க்கில் ஏறினார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் அதையே செய்தார். மாதம் முடியுமுன் இரண்டும் அவர் கையில். காப்பாற்ற ஓடிவந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ் செப்டெம்பர் 2இல் கண்டது பிரெஞ்சுக் கொடியை. சமாதான உடன்படிக்கையில் ஒல்லாந்தருக்குத் திரும்பியதை, 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் கரைவழியே வந்து எடுத்தார்கள்.

“அப்ப இவ்வளவு பீரங்கியும் என்னத்துக்கு வைச்சவங்கள்?” என்று அத்தான் கேட்டார். 1942 ஏப்ரல் 9ஐச் சொன்னேன். அன்று ஜப்பானியரும் கடல்வாயால் வரவில்லை, விமானத்தில்தான் வந்தார்கள்.