கோட்டையடியிலிருந்து 183 மீற்றர்

1848 செப்டெம்பரில் ஒரு நாள், நிலா எழும்பிய பிறகு, மட்டக்களப்புக் கோட்டை வாயிலடி இறங்குதுறையிலிருந்து ஒரு படகு வாவிக்குள் போனது. ஏறியிருந்தவர் இலங்கையின் அப்போதைய குடியேற்றச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். கூட வந்தவர்கள் ஊர் மீனவர்கள். வடகிழக்கே 200 யார், அதாவது 183 மீற்றர் அளவுதான் போனார்கள். மூச்சுக்காற்றும் இல்லை, துடுப்புப் பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் நீர் அசையவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அங்கேதான், ‘பாடும் மீன்’ என்று ஊர் சொல்லும் அந்தப் பாட்டுக் கேட்டது. ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வு போல, உச்சமும் அடித்தொனியும் கலந்து, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே பிரித்தறியக்கூடிய எண்ணற்ற சிற்றொலிகள். படகின் பலகையில் காதை வைத்தபோது ஒலி பலமடங்கு பெருத்ததாம்.

அந்த ஓட்டத்தைக் கயாக்கில், அதாவது துடுப்பால் வலிக்கும் ஒடுக்கமான சிறுபடகில், திரும்பச் செய்து வானொலி விவரணமாக்குவதென்றால் தூரம் பிரச்சினையே இல்லை. கால்மணி நேர வேலை. பிரச்சினை அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. நீரில் பிறக்கும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் ஏறும். மிச்சம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மரம் நீரோடு நன்றாக ஒத்துப்போவதால் தோணியின் பலகை அந்த ஒலியை வாங்கிக் காதுக்குக் கடத்தியது. துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் நம் மீனவர் வழக்கமும் இதே கணக்குத்தான். மிதவைபோல உள்ளே வெறுமையான பிளாஸ்ரிக் கயாக்குக்கு இது வராது. குழாய்த்தண்டு அலுமினியத் துடுப்பும் அப்படியே. ஆகவே கயாக் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். கேட்பதற்கு ஒற்றை மரத்தில் செய்த துடுப்பொன்றைக் கூடவே கட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் ஒரு மரத்தோணியும் பக்கத்தில் வரட்டும்.

மீனவர்கள் டெனன்டிடம் சொன்ன இன்னொரு விடயம் பயணத் திகதியைத் தீர்மானிக்கும். கோடையில்தான் கேட்கும், மழைவெள்ளம் வாவிக்குள் இறங்கினால் நின்றுவிடும் என்றார்கள். மாரிமழை தொடங்கினால் எப்படியும் கயாக்குக்கு இடமில்லை: முகத்துவாரம் வெட்டுப்பட்டால் நீரோட்டம் கடல்பக்கம் இழுக்கும், ஆற்றுவாழை மிதந்து வரும். சித்திரை, புரட்டாதி மாதங்கள் நல்லவை. நடுவில் வரும் ஆனி, ஆடியில் கச்சான் காற்று சில நாட்களில் இருட்டிய பின்னும் அடங்காது. சிற்றலை கயாக்கின் ஓட்டில் அடிக்கும் சளசளப்பு ஒன்றே முழு ஒலிப்பதிவையும் கெடுத்துவிடும். நிலா வேண்டும் என்பதற்காகப் பௌர்ணமிப் போயா தினத்தையே பிடிக்கவேண்டியதில்லை. அன்று கல்லடிப் பாலத்தில் ஆட்கள் நிற்பார்கள், ஒலிபெருக்கிகளும் ஓயாது. அடுத்த இரண்டு இரவுகள் மேல்; நிலவு நாளுக்கு முக்கால் மணித்தியாலம் அளவு பிந்தி எழும்பும், அவ்வளவுதான். பதிவை இரவு 10 மணிக்குப் பிறகு வையுங்கள். 1848இல் இல்லாத ஒன்று இன்று வடகிழக்குப் பக்கம் நிற்கிறது. 1924இன் மானிங் சீமாட்டி இரும்புப் பாலமும் அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலமும்தான் அது. பார ஊர்தி ஒன்று ஓடினால் தூண் வழியே அதிர்வு நீருக்குள் இறங்கும். பாலத்தின் கீழ் போய்ப் பதிவதைவிடக் கோட்டைப் பக்கத்தில் நிற்பதே புத்தி.

காந்திப் பூங்காக் கரையில் இறக்கினால் எதிரே கோட்டை. டெனன்ட் சொன்ன இறங்குதுறை துல்லியமாக எந்தப் புள்ளி என்று தலையை உடைக்கவேண்டாம். கோட்டையின் வாவிப்பக்க மூலையைத் தொடக்கமாக எடுத்து, திசைகாட்டியில் 45 பாகை பிடித்து, 50 மீற்றருக்கு ஒரு நிறுத்தமாக ஆறு நிறுத்தங்கள் போடுங்கள். இடத்துக்கு இடம் ஒலி மாறியது, சில இடங்களில் முற்றாக மறைந்தது, திரும்பி வந்தபோது மறுபடி கேட்டது என்று அவரே சொல்லியிருப்பதால் ஒரே புள்ளியை நம்புவது பிழை.

நிறுத்துவது எப்படி என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். ஒற்றை நங்கூரத்தில் கயாக் ஊஞ்சல்போல ஆடும். ஆடும்போது, நீருக்கடியில் ஒலி பதியும் மைக்கான நீரொலிவாங்கியின் வயரையும் இழுக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு போடவேண்டும். மடக்கு நங்கூரமும் சங்கிலியும் கிலுகிலுக்கும் என்பதால், இரண்டு மூன்று கிலோக் கல்லைக் கயிற்றில் கட்டும் பழைய முறைதான் சிறந்தது. கயிறு ஆழத்தின் மூன்று மடங்கு. வாவியின் இந்தப் பகுதிக்கு 10 மீற்றர் போதும். கல் சேற்றில் புதைந்தால் தள்ளி இருந்தபடி இழுக்காமல் கயாக்கை அதன் நேர்மேலே கொண்டுபோய்த் தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தவர்கள் கவிழ்வார்கள். உயிர்காப்பு அங்கி, விசில், இயந்திரப் படகு வந்தால் காட்ட வெள்ளை வெளிச்சம், மற்ற நேரத்துக்குத் தலையில் சிவப்பு வெளிச்சம். வாவியில் முதலை உண்டு. கண்டல் ஓரமாக ஒதுங்குவதோ காலை நீரில் தொங்கவிடுவதோ வேண்டாம். புறப்படுமுன் பொலிஸுக்கும் அந்தக் கரையின் மீனவர் சங்கத்துக்கும் சொல்லிவையுங்கள். எந்த இடத்தில் வலை கட்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி நீரொலிவாங்கி. விலைக்கு வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். அதிர்வை மின்னாக மாற்றும் 27 மில்லிமீற்றர் பீசோ தட்டு ஒன்று, கவசமிட்ட வயர் 12 மீற்றர், எபொக்சிப் பசை. ஈயம் வைக்கும்போது தட்டின் வெள்ளைப் பகுதியில் இரண்டு விநாடிக்கு மேல் சூடு நிற்கக்கூடாது, பூச்சு உரிந்துவிடும். பசையை மெதுவாகக் கலந்து இரண்டு படையாகப் பூசுங்கள். வேகமாகக் கலந்தால் காற்றுக்குமிழ் சிக்கும், ஒலி மந்தமாகும். காய்ந்ததும் உப்புத்தண்ணீர் வாளியில் ஒரு இரவு போட்டு, மல்ரிமீற்றரை வயரின் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். தடை ஏதாவது காட்டினால் நீர் உள்ளே போய்விட்டது.

பெரும்பாலோர் விடும் பிழை அதற்குப் பிறகு வருகிறது: அதை நேரே பதிவுக்கருவியின் மைக் துளையில் குத்துவது. இந்தத் தட்டின் மின்கொள்ளளவு 20 நானோபரட் அளவு. மைக் உள்ளீட்டின் தடை 2 கிலோஓம் என்றால் சுமார் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதெல்லாம் தேயத் தொடங்கும். டெனன்ட் கேட்ட அடித்தொனி போயே போச்சு. தகரச் சத்தம்தான் மிஞ்சும். உள்ளீட்டுத் தடை 1 மெகாஓம் உள்ள முன்பெருக்கி (preamp) ஒன்றை இடையில் வைத்தால் அந்த எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிற்றார் பெருக்கிகளில் வரும் உள்ளீடு இந்த வகைதான்.

நீரில் இறக்கும்போது ஓட்டிலிருந்து 8 மீற்றராவது தள்ளி, சிறு மிதவையில் தொங்கவிடுங்கள். மிதவைக்கும் வயருக்கும் இடையில் அரை மீற்றர் இலாஸ்ரிக் இருந்தால் அலையின் ஏற்ற இறக்கம் வாங்கியைக் குலுக்காது. கீழே 200 கிராம் ஈயம். அடிச்சேற்றைத் தொடாமல் ஒரு மீற்றர் ஆழம். பதிவுக்கருவியை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற்றில் வையுங்கள். ஒலிமட்டத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல். தாழ்வெட்டு வடிகட்டி (low cut) அணைத்தபடி. கருவியைச் சுற்றும் பொலித்தீன் பை நொறுநொறுக்கும், துணி சுற்றுங்கள். கைத்தொலைபேசியை விமான நிலையில் போடாவிட்டால் அது கோபுரத்தைத் தேடும் ஒவ்வொரு முறையும் பதிவில் டிக்டிக் விழும். நுளம்புக் களிம்பு பூசிய கையால் கருவியைத் தொட்டால் சில பிளாஸ்ரிக் இளகிவிடும். முழுக்கைச் சட்டை போதும்.

ஹெட்போனில் முதலில் எண்ணெய்ச் சட்டி பொரிவதுபோலக் கேட்டால், ஆழமற்ற வெப்பநீரில் சொடுக்கும் இறால்கள் போடும் சத்தமாக இருக்கலாம். அதைப் பாட்டென்று எண்ணி அழைத்து வந்த அறிவிப்பாளரைக் குழப்பவேண்டாம்.

பாடுவது எது என்பதில் இன்னும் முடிவில்லை. மீன் என்று ஊர் சொல்கிறது. 1848இன் மீனவர்கள் மீன் இல்லை, ஊரி, அதாவது ஓட்டுக்குள் வாழும் நத்தை வகை, என்றார்கள். அதன் தமிழ்ப் பெயர் என்று டெனன்ட் ஆங்கில எழுத்தில் குறித்திருப்பதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், ‘ஊரி குளறுகிறது’ என்றே கேட்கும். மீனவர் சொன்ன ஒரு முழு வசனத்தைத் துரை பெயராக எடுத்துக்கொண்டார் போல. விவரணத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. பிற்காலத்தில் யேசுசபைத் துறவி லாங் அடிகளார் இந்த ஒலியைப் பதிந்து, அது இலங்கை வானொலியில் போனதும் ஒரு வரியாவது இடம்பெற வேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் குரலில் இலக்கம், நேரம், ஆழம், காற்று ஆகியவற்றைச் சொல்லுங்கள். பின் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்து, சொட்டு அடங்க இரண்டு நிமிடம் பொறுத்து, நீருக்கடியில் பத்து நிமிடம், மேலே ஒரு நிமிடம். மரத்துடுப்பின் மேல்முனையில் இன்னொரு பீசோவை றப்பர் வளையத்தால் இறுக்கி மூன்றாவது பதிவு. இந்த மூன்றையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் பலகையில் காதை வைத்த கதை விளக்கமில்லாமலே புரியும். கைத்தொலைபேசியில் கேட்பவருக்கு 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. அதற்காகச் சுருதியை உயர்த்தாதீர்கள், ஹெட்போன் போடச் சொல்லி அறிவித்தால் போதும். ஒன்றும் கேளாத நிறுத்தத்தையும் அதே பத்து நிமிடம் பதியுங்கள். அவர் படகும் ஒலிக்கு வெளியே போய்த் திரும்பியதுதானே. கரையேறியதும் வாங்கியை நல்ல தண்ணீரில் அலசி, வயரை முடிச்சில்லாமல் பெரிய வட்டமாகச் சுருட்டி நிழலில் காயவிடுங்கள்.