விசிறியின் ஆயுளும் மசகின் ஆயுளும்

மின்னணுக் கருவிகளுக்கான குளிர்விப்பு விசிறியின் விவரத்தாளில் ‘70,000 மணி நேரம்’ என்று கண்டதும், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் ஒரு வெப்பநிலையும், பல வேளைகளில் 40 டிகிரி செல்சியஸ், அச்சிடப்பட்டிருக்கும். அதைச் சேர்த்துப் படிக்காவிட்டால் ஆயுட்கணக்குக்குப் பொருளே இல்லை என்பது என் கருத்து. மேலும், எல்10 என்று குறிக்கப்படும் ஆயுள், நூறு விசிறிகளில் பத்து பழுதாகிவிடும் காலத்தைச் சொல்வதே தவிர, நாம் வாங்கிய ஒன்றுக்கான உறுதிமொழி அன்று.

விசிறியில் பெரும்பாலும் முதலில் கெடுவது, சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்கில் உராய்வைக் குறைக்க இடப்பட்டுள்ள மசகுதான். வெப்பம் கூடக்கூட எண்ணெய் ஆவியாகி, ஆக்சிஜனோடு வினைபுரிந்து தடித்து, கடைசியில் உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கும். வேகம் குறைவதற்கு முன்பே இரைச்சல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 10 முதல் 15 டிகிரி உயர்வுக்கு ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அச்சு ஒரு குழலுக்குள் சுழலும் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் எளிதில் வெளியேறிவிடுவதால், 60 டிகிரியை நெருங்கும் இடங்களில் சற்றுக் கூடுதலாக இரைந்தாலும், அச்சைச் சிறு உருண்டைகள் தாங்கும் பால் பேரிங் விசிறியையே நான் தேர்ந்தெடுப்பேன். சூடான காற்றை வெளியேற்றும் விசிறி எப்போதும் அச்சூட்டிலேயே குளிப்பதால், குளிர்ந்த காற்றை உள்ளிழுக்கும் விசிறியைவிட விரைவில் தளர்வதிலும் வியப்பில்லை.

செயல்திறனும் இதே வெப்பத்தால் குறைகிறது. ஒரே வேகத்தில் சுழலும் விசிறி ஒரே கன அளவுக் காற்றைத்தான் தள்ளும். ஆனால் 60 டிகிரிக் காற்று 20 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு அடர்த்தி குறைந்தது என்பதால், அது சுமந்து செல்லும் வெப்பமும் அந்த அளவுக்குக் குறையும். குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் வேளையில்தான் விசிறி இப்படிக் கைவிடுகிறது!

கடுங்குளிரில் சிக்கல் வேறு. மசகு இறுகுவதால் சுழலத் தொடங்குவதே கடினமாகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டும் அமைப்புகளில் விசிறி நின்ற இடத்திலேயே நின்றுவிடக்கூடும் என்பதால், முதல் சில நொடிகளுக்கு முழு மின்னழுத்தம் கொடுத்துப் பின்னர் குறைப்பது நல்லது. சுழலத் தொடங்கியபின் அடர்ந்த காற்றைத் தள்ள மோட்டார் கூடுதல் மின்சக்தியை இழுக்கும். குளிரிலிருந்து ஈரப்பதமான சூட்டுக்குக் கொண்டுவரப்பட்ட விசிறியையோ, அதன் மின்சுற்றில் படிந்த நீர்த்துளிகள் உலரும்வரை இயக்காமல் வைத்திருக்க வேண்டும்.