மாயா கொட்டவைத்த உறுமி

நீடாமங்கலத்தில் மைக்செட் தொழில் எனக்கு. எம்.ஐ.ஏ. என்ற லண்டன் தமிழ்ப் பாடகியின் பாட்டைக் கடையில் போட்டால் பசங்க "என்னண்ணே இது, பாட்டா?" என்று கேட்கிறார்கள். ரொம்ப நாளாகவே அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சொந்தப் பெயர் மாதங்கி மாயா அருள்பிரகாசம். 1975ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். அப்பா அருளர், ஈழப் போராளி இயக்கமான ஈரோஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். தலைமறைவு வாழ்க்கை. எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பிள்ளைகளிடம் யாரோ உறவுக்காரர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்களாம். கொஞ்ச காலம் சென்னையில் இருந்துவிட்டு, 1986ல் அம்மா கலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் போய், தையல் வேலை பார்த்து ஆளாக்கினார்.

மகள் படித்தது சினிமா. பாட்டுக்கு வந்தது ரோலண்ட் எம்சி-505 என்ற, தாளமும் இசையும் கோக்கிற ஒரே ஒரு மின்னணுப் பெட்டியை வைத்துக்கொண்டு. 2003ல் முதல் பாட்டுக்கு அடித்தது 500 இசைத்தட்டுதான். 2005ல் வந்த ஆல்பத்துக்கு 'அருளர்' என்றே பெயர் வைத்தார். அப்பா தன் பெயரை இணையத்தில் தேடினால் மகளின் பாட்டு கண்ணில் படட்டும் என்று. இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்தது, 2007ல், அம்மா பெயரில் 'கலா'. அமெரிக்க விசா சிக்கலானதால் நாடு நாடாகப் போய்ப் பதிவு செய்தார். சென்னைக்கும் வந்து உறுமிக்காரர்களை உட்கார வைத்துக் கொட்டச் சொன்னார்.

உறுமிக்கு மைக் வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு முகத்தில் அடி, மறுமுகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. அடிக்கிற பக்கம் மைக் வைத்தால் உறுமல் செத்துவிடும். தேய்க்கிற பக்கம் ஒட்டி வைத்தால் பம்பையும் தவிலும் அமுங்கிப்போகும். ஹாரனில் அது வரவே வராது, பேஸ் பாக்ஸ் வேண்டும். வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழா மாதிரிக் கூட்டத்தில் உறுமி சரியாக விழுந்தால் ஜனம் தானாக ஆட ஆரம்பிக்கும்.

நம் சினிமாப் பாட்டில் உறுமி பெரும்பாலும் இடையில் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். 'கலா'வில் வரும் 'பேர்ட் ஃப்ளூ'வில் பாட்டைச் சுமப்பதே அதுதான். பிள்ளைகள் கத்துகிறார்கள், மாயாவின் குரல் மேளத்துக்கு மேலே ஏறி வருகிறது. உறுமியை மிக்ஸிங்கில் யாரும் அடக்கவில்லை. எந்தச் சபாவும் ஏற்றிவிடாத பெண், நம் கோயில் வாசல் சத்தத்தை லண்டன் பாட்டுக்கு முன்வரிசையில் நிறுத்தினார்.

ஊரெல்லாம் அறிந்தது 'பேப்பர் பிளேன்ஸ்' என்றாலும் என் மனசு 'பேர்ட் ஃப்ளூ'வில்தான். 'பேப்பர் பிளேன்ஸ்' விசா அலைச்சலில் பிறந்தது, அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. 2009 கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். அதே வருடம் ரகுமானோடு செய்த பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. பிறகு வந்த ஆல்பங்களில் சில எனக்கு ஒட்டவில்லை.

எங்கள் பக்கத்து உறுமிக்காரத் தம்பி ஒருவனைக் கூப்பிட்டுப் 'பேர்ட் ஃப்ளூ'வைப் பெரிய பாக்ஸில் போட்டுக் காட்டினேன். பாட்டு பாதி வருவதற்குள் கை தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. "தேய்ப்பு நம்ம தேய்ப்புதாண்ணே. நடைதான் அவசரமா ஓடுது" என்றான். மாயாவின் 'பாய்ஸ்' பாட்டையும் அவனுக்கு அனுப்பியிருக்கிறேன், அதிலும் உறுமி இருக்கிறது.