தண்ணீர் போகும் வழி

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. அதனால்தான் ஒரு ஏரி நிரம்பினால் ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகிற மாதிரி அந்தக் காலத்தில் கட்டி வைத்தார்கள். என்ன மாதிரியான அறிவு அது!

இப்போது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து காவிரியை பம்ப் செய்து மேலே ஏற்றுகிறோம். 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டன. அதே வருஷம் அக்டோபரில் காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் தலைக்கு மேல் பெய்கிற மழையை என்ன செய்கிறோம்?

டிராயிங்கில் மழைநீர்க் குழி அழகாக இருக்கும். சைட்டில் எட்டிப் பார்த்தால் அடியில் சிமென்ட் பூசியிருப்பார்கள். வண்டல் வடிகட்டும் தொட்டியும் இருக்காது. தண்ணீர் எப்படி மண்ணுக்குள் இறங்கும்? பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சிவில் படிக்கிற தம்பி, தங்கைகளே, பேஸ்மென்ட் டிராயிங்கில் கையெழுத்துப் போடும் முன் பழைய சர்வே வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே காலுவே ஓடினால், கட்ட வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள்.