காபிக்கென்று ஒரு மூலை

சமையலறையில் காபிக்கென்று தனியாக ஒரு மூலை ஒதுக்கி இரண்டு வாரம் ஆகிறது. அழகுக்காகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் இடத்தை முடிவு செய்தது பிளக் பாயின்ட். கெட்டில், கிரைண்டர் இரண்டின் வயரும் எட்ட வேண்டும், அடுப்புப் பக்கம் போகவும் கூடாது.

முதலில் கெட்டிலை மேல் அலமாரிக்கு நேர் கீழே வைத்திருந்தேன். சில நாட்களிலேயே ஆவி பட்டுப் பலகையின் அடிப்பக்கம் லேசாக உப்பிவிட்டது. இப்போது கெட்டில் ஒரு மரத்தட்டில் இருக்கிறது. கொதிக்க வைக்கும்போது தட்டோடு முன்னால் இழுத்துக்கொள்கிறேன்.

காபிக்கொட்டையைக் கண்ணாடி ஜாடியில் நிரப்பி வைத்தால் பார்க்க அத்தனை அழகு! ஆனால் வெளிச்சம், காற்று, சூடு, ஈரம் நான்குமே மணத்தைக் கெடுத்துவிடும். அதனால் வெளிச்சம் புகாத, இறுக மூடும் டப்பாதான் சரி. கண்ணாடி ஜாடியைச் சர்க்கரைக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம், ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. இந்த மூலையில் நான் வாங்கிய மிக நல்ல பொருள் இதுதான். 15 கிராம் தூளுக்கு 240 மில்லி தண்ணீர், 90 முதல் 96 டிகிரி சூட்டில். அப்போதே அரைத்த தூளில் முதல் தண்ணீர் பட்டதும் நுரைத்துப் பொங்கி எழும் அந்த அரை நிமிடம், கைப்பேசியைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.